உச்சி வெயிலில் அணையும் அடுப்பு

அனுப்புநர்
தங்கை,
அக்கா தங்கை பேக்கரி,
தெருக்கோடி, கடைசி மின்கம்பத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மான அலுவலகம்.

பொருள்: எங்கள் பேக்கரி மாடியிலுள்ள சோலார் இணைப்பை வரும் திங்கட்கிழமை ரத்து செய்யும் உத்தரவை நிறுத்திவைக்கவும், எங்கள் தெருவின் நடுப்பகல் வோல்டேஜைச் சரிசெய்யவும் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கணினி கடந்த வெள்ளிக்கிழமை எனக்கு அனுப்பிய ரத்து அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு என்றால் முதல் வரியிலேயே கண்ணீர் விட வேண்டும் என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஆலோசனை சொன்னார். எனக்கு அது வராது. என் பக்கம் நியாயம் இருக்கிறது, கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது, அதைத் தீர்க்கும் வழியும் தங்கள் அலுவலகத்தின் கையிலேயே இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சற்றுப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. நானும் என் அக்காவும் சேர்ந்து இந்த பேக்கரியை நடத்துகிறோம். மாவும் பதமும் அக்காவின் பொறுப்பு. அடுப்பும் கடையும் என் பொறுப்பு. போன ஆண்டு வரை எங்களிடம் இருந்தது விறகடுப்பு. அதன் வாயில் நின்று நின்று அக்காவின் நெஞ்சில் புகை தங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். இனி ஒரு வருடம் அந்தப் புகையில் நின்றால் ஆக்சிஜன் குழாயோடுதான் வாழ வேண்டியிருக்கும் என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்றே விறகடுப்பை இடித்தோம். இந்த வரியை அக்கா படித்தால் அடித்துவிடச் சொல்வார். அதனால் அவருக்குக் காட்டாமல் எழுதுகிறேன்.

2. மின்சார அடுப்பு வாங்கியதும் கூடுதல் மின்பளு கேட்டுத் தங்களுக்கு விண்ணப்பித்தோம். இந்த லைனில் இப்போதைக்கு இடமில்லை, மாடியில் சோலார் பேனல் போட்டுப் பகலில் அடுப்பு மூட்டினால் இருக்கிற மின்பளுவே போதும் என்று தங்கள் அலுவலகம் பதில் எழுதியது. நல்ல யோசனை. அதை அப்படியே கேட்டு நடந்தோம். விடியலில் சுட்டுக்கொண்டிருந்த ரொட்டியை நடுப்பகலுக்கு மாற்றினோம். காலையில் சூடாக ரொட்டி வாங்கியே பழகிய தெருவை மாலைக்குத் திருப்புவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஆனாலும் திருப்பினேன். அக்காவும் படியேறத் தொடங்கினார்.

3. கோடை தொடங்கியதும் தொல்லை வந்தது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில்தான் ரொட்டி கெட்டது. பொங்கி எழுந்த ரொட்டி அடுப்புக்குள்ளேயே நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும். அக்கா முதலில் ஈஸ்டைச் சந்தேகித்தார். ஈஸ்ட் கொடுக்கிறவருக்கு நல்ல வசவு விழுந்தது. பிறகு மாவு மாறியது, பிறகு தண்ணீர், கடைசியில் என் கையும் சந்தேகத்துக்கு உள்ளானது. மேகம் மூடிய நாளில் மட்டும் ரொட்டி ஒரு குறையும் இல்லாமல் வந்தது. வெயிலை நம்பிப் பிழைக்க வந்தவர்கள் மேகத்துக்காக ஏங்கி நின்ற கதை எங்களுடையது.

4. அதே நேரத்தில் என் கைப்பேசிக்குத் தங்கள் கணினியிலிருந்து இரண்டு வகைச் செய்திகள் வந்தன. ஒன்று, பேனல் மின்சாரத்தை லைனோடு சேர்க்கும் என் இன்வெர்ட்டர் லைனிலிருந்து தானாகக் கழன்றுகொண்டது, கருவி பழுதாக இருக்கலாம் என்றது. மற்றொன்று, நான் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி மின்சாரம் இழுத்ததால் ஸ்மார்ட் மீட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டது என்றது. இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். கொடுக்காமல் கழன்றுகொள்கிறாய் என்று ஒரு குற்றம், அடுத்த மூச்சில் அளவுக்கு மேல் எடுக்கிறாய் என்று இன்னொரு குற்றம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5. புரியவைத்தவர் தங்கள் அலுவலகத்து உதவிப் பொறியாளர் அம்மா. என் புகாரைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். ஒரு நடுப்பகல் முழுக்க எங்கள் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து இன்வெர்ட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மெஷின்ல ஒரு தப்பும் இல்லைங்க, தப்பு தெருவுலதான் இருக்கு" என்றார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். எங்கள் தெருவில் இன்று பெரும்பாலான மாடிகளில் பேனல் இருக்கிறது. உச்சி வெயிலில் எல்லா மாடியும் மின்சாரத்தை லைனில் கொட்டுகிறது. அதை எடுத்துச் செலவழிக்கத் தெருவில் ஆளில்லை. ஆகவே வோல்டேஜ் ஏறுகிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீடுகளில் கொஞ்சம், தள்ளிப் போகப் போக அதிகம், கடைசி வீடான எங்களிடம் மிக அதிகம். எல்லை தாண்டியதும் முதலில் கழன்றுகொள்வது எங்கள் இன்வெர்ட்டர்தான். அது அதற்குச் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு முறை.

6. மீதியை நான் அவருக்குச் சொன்னேன், ஏனென்றால் அடுப்பின் குணம் எனக்குத் தெரியும். அடுப்பு தொடர்ந்து மின்சாரம் எடுக்காது. சூடு போதுமானதும் தானே நிறுத்தும், சூடு இறங்கினால் மறுபடி எடுக்கும். அது நிறுத்துகிற அந்தச் சிறிய இடைவெளியில் எங்கள் மாடி மின்சாரமும் லைனுக்குப் போகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, இன்வெர்ட்டர் கழல்கிறது. அடுப்பு மறுபடி எடுக்கும்போது பேனல் இல்லை. முழுப் பளுவும் லைன் மேல் விழுகிறது. ஸ்மார்ட் மீட்டர் அதைக் களவு என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறது. உள்ளே ரொட்டி உட்கார்ந்துவிடுகிறது. இதைக் கேட்டதும் உதவிப் பொறியாளர் அம்மா மூட்டையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவர் பாதி, நான் பாதி என்று சேர்த்துக் கண்டுபிடித்தோம்.

7. நடுப்பகலில் தெருவில் மின்சாரம் எடுக்க ஏன் ஆளில்லை என்று அவர் கேட்டார். இதற்கு எங்கள் தெருவின் ஒழுக்கம்தான் காரணம். முன்பு எங்களிடம் இருந்தது நோஞ்சான் டிரான்ஸ்பார்மர். பகலில் இரண்டு தண்ணீர் மோட்டார் சேர்ந்து ஓடினால் தெருவே மங்கிவிடும். காலை வெயில் ஏறியதிலிருந்து சாயும் வரை மோட்டார், சலவை இயந்திரம், கிரைண்டர் எதையும் போடக் கூடாது என்று தங்கள் அலுவலகம் அப்போது கேட்டுக்கொண்டது. தெரு நலச் சங்கம் அதை விதியாக்கியது. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், தெரு அவரை டிரில் மாஸ்டர் என்றுதான் அழைக்கும். மதியம் எந்த வீட்டிலாவது மோட்டார் உறுமினால் அந்த வாசலில் நின்று விசில் ஊதுவார். டிரான்ஸ்பார்மரை மாற்றினீர்கள், மாடிகளில் பேனல் வந்தது, விதியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள தெரு தங்கள் எல்லைக்குள் வேறு இருக்காது ஐயா. அந்தக் கீழ்ப்படிதல்தான் இப்போது எங்கள் ரொட்டியை அமுக்குகிறது.

8. ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று நாங்கள் இருவரும் டிரில் மாஸ்டரிடம் போனோம். "ரூல்னா ரூல்மா. இன்னைக்கு உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். எல்லாரும் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை என்று உதவிப் பொறியாளர் அம்மா விளக்கினார். கடைசியில், தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் தானே விசில் ஊதுவதாக இருந்தால் சம்மதம் என்றார். கடந்த புதன்கிழமை உச்சி வெயிலில் தெரு நடுவே நின்று ஊதினார். எல்லா மோட்டாரும் ஓடின. தையற்கடைக்காரர் சேர்ந்து கிடந்த கால்சட்டைகளையெல்லாம் எடுத்து இஸ்திரி போட்டார். மருந்துக்கடை அம்மா வீட்டுத் திரைச்சீலை அத்தனையும் சலவைக்குப் போயின. ஒரு வீட்டில் தொட்டி நிரம்பி வழிந்ததற்கு டிரில் மாஸ்டர் தனியாக ஒரு விசில் ஊதினார். எங்கள் இன்வெர்ட்டர் ஒரு தடவைகூடக் கழலவில்லை. அன்றைய ரொட்டியை அக்கா அடுப்பிலிருந்து எடுத்து, தட்டிப் பார்த்து, உதவிப் பொறியாளர் அம்மா கையில் முதல் துண்டை வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

9. மறுநாள் காலை தெருவில் அத்தனை பேருக்கும் தங்கள் கணினி ஒரு செய்தி அனுப்பியது. வழக்கத்துக்கு மாறான மின் பயன்பாடு காணப்பட்டது, விசாரிக்கப்படும் என்று. தெரு வெலவெலத்துப் போனது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று டிரில் மாஸ்டர் பழைய விதியை மறுபடி அமலாக்கிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு எழுத்தில் முத்திரையோடு வந்தால்தான் உத்தரவு.

10. வெள்ளிக்கிழமை எனக்கு ரத்து அறிவிப்பு வந்தது. கருவி தொடர்ந்து பழுது, மின்பளு தொடர்ந்து மீறல், ஆகவே திங்கட்கிழமை முதல் சோலார் இணைப்பு ரத்து. உதவிப் பொறியாளர் அம்மா தம் அறிக்கையைத் தங்கள் மேசைக்கு அனுப்பிவிட்டார். அதை யாரும் படிப்பதற்குள் கணினி தன் வேலையைப் பார்த்துவிட்டது. அந்தக் கணினிமேல் எனக்குப் பகையில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அது ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனியாகப் பார்க்கிறது. என் வீட்டை மட்டும் பார்த்தால் நான் குற்றவாளிதான். தெருவைச் சேர்த்துப் பார்க்க அதற்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

11. பேனல் போனால் அடுப்பு இல்லை. இருக்கிற மின்பளுவில் அந்த அடுப்பைப் பற்றவைக்கக்கூட முடியாது. அறிவிப்பை அக்காவிடம் படித்துக் காட்டினேன். சோலாரைப் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "விடுடி, பழைய அடுப்பையே கட்டிக்கலாம். கொஞ்ச நாள்தானே" என்றார். அந்தக் கொஞ்ச நாள் அடுப்புக்கா அவருக்கா என்று கேட்காமல் அறிவிப்பை மடித்து வைத்தேன். இடித்த அடுப்பின் செங்கற்கள் கொல்லையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. விற்கலாம் என்று நான் பலமுறை சொல்லியும் அவர் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. மேஸ்திரிக்கு என்னைக் கேட்காமலே சொல்லியனுப்பிவிட்டார்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

அ) திங்கட்கிழமை ரத்து உத்தரவை, உதவிப் பொறியாளர் அம்மாவின் அறிக்கையைத் தாங்கள் படித்து முடிக்கும் வரையாவது நிறுத்திவைக்க வேண்டுகிறேன். படித்த பிறகு அதைத் தாங்களே கிழித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

ஆ) எங்கள் டிரான்ஸ்பார்மரின் டேப்பை, அதாவது தெருவுக்கு வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் திருகை, ஒரு படி இறக்கி வைக்க வேண்டுகிறேன். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது வோல்டேஜ் போதுமா என்ற கேள்வி வரும். உதவிப் பொறியாளர் அம்மா மாலையிலும் அளந்திருக்கிறார், தாங்கும் என்கிறார்.

இ) தெருவிலுள்ள எல்லா இன்வெர்ட்டரும் வோல்டேஜ் ஏறும்போது ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி அமைப்பை மாற்ற ஆணையிட வேண்டுகிறேன். இந்த வசதி எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறதாம், திறந்துவிட்டால் போதுமாம். இப்போது எல்லாரும் முழுதாகக் கொடுக்க, கடைசி வீடு மட்டும் முழுதாக இழக்கிறது. பந்தியில் எல்லாரும் ஒரு அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தால் கடைசி ஆளுக்கும் இடம் கிடைக்கும்.

ஈ) நடுப்பகலில் மோட்டார் போடலாம், போடுவது நல்லது என்று சங்கத் தலைவருக்கு ஒரு கடிதம், தங்கள் கையெழுத்தோடும் முத்திரையோடும் அனுப்ப வேண்டுகிறேன். முத்திரை முக்கியம். கூடவே, அப்படிப் போடுகிறவர்களை மிரட்ட வேண்டாம் என்று கணினிக்கும் சொல்லிவைக்க வேண்டுகிறேன். கடிதம் வந்த நிமிடம் முதல் டிரில் மாஸ்டர் மதியம் மோட்டார் போடாத வீட்டு வாசலில் நின்று விசில் ஊதுவார். அதற்கு நான் பொறுப்பு.

இவற்றில் எதற்கும் புதிய கம்பியோ புதிய கம்பமோ தேவையில்லை. தங்கள் லைன்மேன் ஏணியோடு ஒரு முறை வந்தால் டேப் வேலை முடிந்தது. மற்றவை தங்கள் மேசையிலேயே முடியும். தாங்கள் நேரில் வந்து பார்க்க விரும்பினால் வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் வாருங்கள். உட்கார அதே மாவு மூட்டை இருக்கிறது.

மேஸ்திரி திங்கட்கிழமை காலை வருகிறார். அதற்கு முன் தங்கள் லைன்மேன் வந்துவிட்டால், கொல்லையிலுள்ள செங்கற்களை மாடிக்கு ஏற்றும்படி மேஸ்திரியிடம் சொல்வேன். பேனல் துடைக்க நான் மேலே போகும்போதெல்லாம் அக்காவும் பின்னாலேயே ஏறி வருகிறார். அவர் உட்கார அங்கே ஒரு மேடை வேண்டும்.

இணைப்பு: ரத்து அறிவிப்பின் நகல், உதவிப் பொறியாளர் அறிக்கையின் நகல், புதன்கிழமை ரொட்டி ஒன்று (ஆறிவிட்டது, பொறுத்தருளவும்).

இடம்: பேக்கரி, அடுப்புக்குப் பக்கத்தில்
நாள்: செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில்

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தங்கை
அக்கா தங்கை பேக்கரி