பெட்டி தூக்க வந்தவன் என்றேன்

என் மாடசாமிக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் கை எழுதப் போகிறது. நிறுத்திக்கொள்கிறேன். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். பம்பாயிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் பஸ்ஸிலேயே போன இரண்டு கிழவர்களில் ஒருவர் போய்விட்டார், மற்றவர் சுவாரசியமாக எழுதட்டும் என்கிறார் செயலாளர். எனக்கு அப்படி எழுத வரவில்லை. உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

இங்கே மழை வந்துவிட்டது. தாராவியில் உங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். உன் மகன் வாசலில் இரண்டு வரிசை செங்கல் உயர்த்தியிருக்கிறான். வீட்டுக்குள் வரவில்லை, கவலைப்படாதே.

நமக்குள் எப்படி ஒட்டியது என்று யோசித்தால், அந்த ஒரு நாள் பழைய தமிழ்ப் பேப்பர்தான். மாட்டுங்காவில் நான் வாங்குவேன். மில்லில் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் ஆஜர் பதியும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நீ வாங்கிப் போவாய். இருபத்திரண்டு வருஷம். தறிக் கொட்டகையில் அத்தனை பேருக்கும் நான் கிளார்க் சார். உனக்கு மட்டும் ‘என்னவே, விசு’.

ஒரே வருஷத்தில் ரிடையர் ஆனோம். ஊருக்குப் போகலாம், ஆனால் பஸ்ஸிலே போகலாம் என்று நீதான் சொன்னாய். “ரயிலுக்கு ஊரு முதுகைத்தாம்வே காட்டும். பஸ்ஸுலதான் மூஞ்சி தெரியும்.” சிரித்தேன். ஆனால் சதாராவில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஏறிய கிழவியிடம் நீ மில் மராத்தியில் அவள் மருமகள் கதை வரைக்கும் கேட்டுவிட்டபோது, சொன்னது சரிதான் என்று பட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த பஸ்களில் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி. தாவணகெரெயில் நான் விழுந்தேன். ஜுரம், வயிற்றுப்போக்கு. லாட்ஜ் குழாயடியில் என் வேஷ்டியை நீ துவைத்தாய், மாடசாமி. நான் அசுத்தம் பண்ணிய வேஷ்டியை. ஹோட்டல்காரனிடம் கெஞ்சிக் கஞ்சி வைத்து வாங்கி வந்து, ஆற்றி, டம்ளரை என் வாயில் பிடித்தாய்.

அதற்கு நாலாவது நாள் பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். என் மகளைக் கொடுத்த வீடு. முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தேன், சிநேகிதருடன் வருகிறேன் என்று எழுதாமல், வருகிறேன் என்று மட்டும். அப்போதே என் மனசுக்குள் ஏதோ இருந்திருக்கிறது.

சம்பந்தியம்மாள் கேட்டைத் திறந்தாள். “கூட வந்திருக்கறது யாரு?” என்று கேட்டாள்.

“எங்க மில்லுல இருந்தவன். பெட்டி தூக்க அழைச்சுண்டு வந்தேன்” என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சிநேகிதர் என்று சொல்லியிருந்தால் முகம் சுளித்திருப்பாளா, உள்ளே வாங்கோ என்றிருப்பாளா? தெரியாது. இரண்டில் ஒன்றைச் செய்ய அவளுக்கு நான் இடமே கொடுக்கவில்லை. பின்னால் என் மகள் நின்றிருந்தாள். சின்ன வயதில் மில் வாசலில் உன் தோளில் ஏறி விளையாடியவள். என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

நீ என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாய். “சார், இத எங்க வைக்கட்டும்?” என்றாய். இருபத்திரண்டு வருஷத்தில் உன் வாயிலிருந்து வந்த முதல் சார்.

உனக்குக் கொல்லைப்புறத்தில் இலை போட்டார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் விட்டுக்கொண்டேன். நீ சாப்பிட்ட இடத்தை நீயே தண்ணீர் தெளித்துத் துடைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் நடக்காதது மாதிரி, சேலம் பஸ் வந்துவிட்டது என்று என்னை எழுப்பினாய். பெட்டியை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் அது உன் தோளில் இருந்தது. “இருக்கட்டும்வே. அதுக்குத்தான வந்தேன்.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அந்தப் பெட்டியை நீ என்னிடம் தரவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் உன் தங்கை வீட்டில், ஐயர் நம் வீட்டில் சாப்பிடுவாரா என்று அவள் உன்னிடம் தணிந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது. நம்ம வீட்டு ஆள்தான், போடு என்று நீ சொன்னதும் விழுந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தலை நிமிரவில்லை. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துக்கொண்டு, “மாடசாமி, பெங்களூர்ல நான்…” என்று ஆரம்பித்தேன். காற்று பலமாக இருக்கிறது, காதில் துண்டைக் கட்டும் என்றாய். மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

திரும்பி வந்த நாலாம் மாதம் நெஞ்சுவலி என்று படுத்தாய். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் வீடு நிறைய ஆட்கள். உன் மனைவி செல்லம்மா எல்லோரும் கேட்கச் சொன்னாள்: “இவுக சம்பந்தி வீட்டுல ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வச்சு, நெய்யும் பாயசமுமா வெளம்புனாகளாம்.” உங்கள் சந்து முழுக்க நீ அதைத்தான் சொல்லி வைத்திருந்தாய். என் மானத்தைக் காப்பாற்றவா, உன் மானத்தையா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். கேட்டில் சொன்னதைவிட இது கேவலம். அங்கே நீ உயிரோடு இருந்தாய்.

ஆறு வாரம் தூக்கம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீரில் இறங்கி உன் வீட்டுக்குப் போனேன். செல்லம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அச்சில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாக. ‘விசு பயந்துட்டாரு, வெளிய சொல்லாத’ன்னாக. அதான் அன்னைக்கு அத்தனை பேரு முன்னால அப்பிடிச் சொன்னேன்.”

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்காரவில்லை.

“அவுக பொறுத்துக்கிட்டாக. எனக்கு இன்னும் ஆறல” என்றாள்.

இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க, உள்ளத உள்ளபடி எழுதுங்க என்றாள். அவள் ‘வாங்க’ என்றும் சொல்லவில்லை, ‘போங்க’ என்றும் சொல்லவில்லை. ஈர வேஷ்டியோடு நடந்து திரும்பினேன்.

மழை விட்டதும் பெங்களூர் போகிறேன், மாடசாமி. அந்த வீட்டுக் கூடத்தில், சம்பந்தியும் அம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் இருக்கும்போது, யாரும் கேட்காமலே நீ எனக்கு யார் என்று சொல்லுவேன். அவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். செல்லம்மாவுக்கு ஆறுகிறதோ இல்லையோ, சொன்னேன் என்று அவளிடம் வந்து சொல்லுவேன். இது சத்தியம்.

வயதில் உனக்கு மூன்று மாதம் இளைய,
தம்பி விசுவநாதன்
மாட்டுங்கா