பீரோவுக்குப் பின்னால் பூசணம்

1943, மே 3
வெயில் கொளுத்துகிறது. தட்டிக்கு ஏழு குடம் தண்ணீர். எல்லாம் நான் இறைத்தது. மதுரையில் ஒரு துரை பங்களாவில் பார்த்துவிட்டு வந்து இவர் ஜன்னலில் மாட்டிய வெட்டிவேர்த் தட்டி. அருப்புக்கோட்டையிலேயே இப்படிக் குளுகுளு அறை கிடையாதாம். மத்தியானம் தெருவே இங்கேதான். "இவுக வீட்டுல மட்டும் மார்கழி" என்கிறாள் பக்கத்து வீட்டு ரங்கம்மா. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் ஜெபமணிக்கு மறுபடி இழுப்பு. ஏழு வயதுப் பிள்ளை, நெஞ்சு கீச்சுக் கீச்சென்கிறது. கம்பவுண்டர் பஞ்சுத் தூசி என்றார். இவர், "சூடுதான். இன்னும் ரெண்டு குடம் ஊத்து." ஊற்றினேன்.

மே 9
ஜெபமணி திருச்சுழியில் என் அக்கா வீட்டில். நாலு நாளாக இழுப்பே இல்லை என்று காகிதம். அங்கே தட்டியா, ஒன்றா? அனல் காற்றுதான். அப்புறம் என்ன சூடு?

மே 11
பிள்ளை காலை பஸ்ஸில் வந்தாள். சாப்பிட்டு அறையில் படுத்தாள். எழும்போதே இழுப்பு.
அவள் படுத்த இடத்தை நாய் மாதிரி முகர்ந்து பார்த்தேன். இத்தனை நாள் வெட்டிவேர் வாசனை என்று நினைத்தது வெட்டிவேர் இல்லை. பீரோ பக்கமிருந்து வருகிறது.

மே 12
இவர் பஞ்சுக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனதும் மரப் பீரோவைக் காலி செய்து தள்ளினேன். ஒற்றை ஆளாக! பின்சுவர் முழுக்கக் கருப்புப் பூசணம். இவருடைய கல்யாணக் கோட்டின் காலரில் பச்சை. சீ! மழைக்கு ஏங்குகிற ஊர். ஈரம் கெடுக்கும் என்று இங்கே யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியது.

ஆனால் குடம் குடமாக ஊற்றியதும் நான்தானே. கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன்.

இவர் வந்து பார்த்தார். "தட்டியால இல்ல, செவரு பழசு."
"அப்ப நீங்க இங்கனயே படுங்க. பிள்ளையக் கூட்டிக்கிட்டு நான் திருச்சுழிக்குப் போறேன்."
இவர் கோட்டுக் காலரை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

மே 13
தட்டியை இவரே கழற்றினார். ரங்கம்மா, "ஐயோ, ஏன் கழட்டுறீக?"
இவர், தெருவுக்கே கேட்க: "பிள்ளை இழுப்புக்கு இதான் காரணம். எம் பொஞ்சாதி கண்டுபுடிச்சிட்டா. கம்பவுண்டருக்கே தெரியல."
உள்ளே நின்று கேட்டேன். வெளியே போகவில்லை. போனால் சிரித்துவிடுவேன்.

வேலை: மூக்கில் துணி கட்டிச் சுவரைச் சுரண்ட. பூசணம் சாக மயில்துத்தம் கலந்த சுண்ணாம்பு, இரண்டு பூச்சு. பாய், கோட்டு, பீரோ வெயிலில். அதுவரை பிள்ளைக்கு வாசலில் படுக்கை.

மே 21
அறை அடுப்பாகக் கொதிக்கிறது. ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. போகட்டும். ஜெபமணி உள்ளே படுத்து நாலு நாள். இழுப்பில்லை.

சாயங்காலம் தெருவில் ரங்கம்மா மகளோடு ஜெபமணிக்குச் சண்டை. "ஏட்டி, எம் புளியங்கொட்டைய எடுத்துப்புட்டு இல்லேங்கிறியா, ஒஞ் சடைய அறுத்து வேலியில தொங்கவிடுறேன் பாரு, திருட்டுக் கழுத..." தெருக்கோடி வரை கேட்கிறது. மற்ற நாளென்றால் வாயிலேயே போட்டிருப்பேன். இன்று கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டேன். நடுவில் ஒரு தரம்கூட மூச்சு வாங்கவில்லை, என் ராசாத்தி.