சொந்தமில்லாத துறவி

என் பிரியமுள்ள ஜெசிந்தாவுக்கு,

இத்தாலிக்கு வந்து கால்சாவில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த அதே அறையில்தான் இன்னும் இருக்கிறேன். உன் கட்டிலில் இப்போது என் உடுப்புகள் கிடக்கின்றன. நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. சொல்ல ஒரு விஷயம் இருப்பதால் எழுதுகிறேன்.

நான் கூட்டித் துடைக்கிற தியேட்டருக்குப் போன கிழமை ஜப்பான்காரர் வந்தார்கள். 'நோ' என்று அவர்களுடைய பழைய நாடகம். மேடையைத் துடைக்கச் சொன்னார்கள். எங்கள் சைவக் கோயில் நினைப்பில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஏறினேன். அவர்களில் ஒரு கிழவர் பதறியடித்து ஓடிவந்து என்னை இறக்கினார். அது புனிதமான இடமாம். துடைக்கிறவள்கூட வெள்ளைக் காலுறை போடாமல் ஏறக்கூடாதாம். மொழிபெயர்க்க வந்த பிள்ளை சொன்னாள். எனக்கும் ஒரு சோடி தந்தார்கள். மரியாதை செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ இருந்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

பின்னேரம் ஓரத்தில் நின்று பார்த்தேன். அதே கிழவர்தான் ஆடினார். முகமூடியைக் கையில் ஏந்தி, கும்பிட்டுவிட்டுத்தான் போட்டார். கதை சின்னது. செத்துப்போன ஒரு பெண், வழியால் போகிற ஒரு துறவியிடம் வந்து தன் கவலையைச் சொல்கிறாள். எனக்காக மன்றாடு என்கிறாள். அவர் மன்றாடுகிறார். அவள் அமைதியாகி மறைகிறாள். சுவரில் இத்தாலியன் எழுத்து ஓடியதால் எனக்கு விளங்கியது.

அந்தத் துறவி அவளுக்கு ஒரு சொந்தமும் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"நான் செத்தா எனக்கொரு பூசை ஒப்புக்குடுப்பியோடி?"

"நான் சைவக்காரி. உன்ர மன்னார் ஆக்கள் செய்வினம் தானே."

அங்கே உனக்கு ஒருவரும் மிஞ்சவில்லை என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன். நீ மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாய். பயத்தில் சொன்னேனா, சோம்பலில் சொன்னேனா? இன்றைக்கும் தெரியாது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று உன் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன். தமிழ்ப் பூசைக்குப் பெயர் எழுதுகிற அண்ணை உன் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் குடுக்கிறது எண்டு போட? அவவுக்கு நீங்கள் என்ன முறை?"

சிநேகிதி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பெயரை வாசிப்பார்கள். எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்காலில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் செய்வேன். நான் இருக்கும்வரை வருடாவருடம் செய்வேன்.

அந்த அண்ணையின் கொப்பியில் எழுதியிருக்கிறபடி,
உன் தங்கச்சி
கௌரி