எண்பத்தேழில் ஒன்று

9 பிப்ரவரி 1948, ஹாலிஃபாக்ஸ், கனடா

உதடு கிழிந்திருக்கிறது. சூப்பைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை ஜெயித்தேன், ஆறாவது சுற்றிலேயே. இந்தக் குளிர்காலத்தில் ஐந்தாவது வெற்றி. இனி பட்டத்துக்கு மோத வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று குத்துச்சண்டைக் குழுவின் கடிதம் வந்தது. பயிற்சியாளர் மர்டோக் நின்றபடியே வாசித்தார். கனடாவின் லைட்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்துக்குக் கனடாக்காரர்கள் மட்டுமே மோதலாமாம். நான் பிறந்த நியூஃபவுண்ட்லாந்துத் தீவு வேறு நாடு. ஆகவே அம்ப்ரோஸ் டோபின் என்கிற நான் அந்நியன்.

"அப்ப கான் ஹர்லி மட்டும் எப்படி?" என்று கத்தினேன். பட்டம் இப்போது அவனிடம்தான் இருக்கிறது. அயர்லாந்தில், கார்க்கில் பிறந்து, பத்தொன்பது வயதில் டொராண்டோவுக்குக் கப்பலேறியவன்.

"அவன் இங்கயே குடியிருந்து குடியுரிமை வாங்கிட்டான்டா. நீ வருஷா வருஷம் மே மாசம் வந்தா மூட்டையைக் கட்டிட்டு ஊருக்கு ஓடுற."

"அப்பாவுக்கு வலை இழுக்க வேற யாரு இருக்கா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நாலஞ்சு வருஷம் இங்கயே கிட. அப்புறம் பாக்கலாம்."

நாலைந்து வருஷத்தில் எனக்கு முப்பத்திரண்டு ஆகிவிடும். அப்புறம் யாரை அடிக்கிறது, ஈயையா?

3 மார்ச், பாஸ்டன்

சுவரொட்டியில் "ஐரிஷ்" அம்ப்ரோஸ் டோபின் என்று போட்டிருக்கிறார்கள். முப்பாட்டன் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்து வந்தவர், அவ்வளவுதான். நான் அயர்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஊர் பெயரைச் சரியாகப் போடுங்கள் என்று சண்டை ஏற்பாடு செய்தவனிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.

"வாயைத் தொறந்தா அப்படியே ஐரிஷ்காரன்தான். நியூஃபவுண்ட்லாந்துன்னா இங்க எல்லாருக்கும் ஒரு நாய் ஜாதிதான் தெரியும். அதைப் போட்டா நாய்க் கண்காட்சின்னு நெனச்சு வருவாங்கப்பா."

அவனை அங்கேயே அடிக்கத் தோன்றியது. மாலை வரை பொறுத்திருந்து எதிராளியை அடித்தேன். பாவம், அவன் என்ன செய்தான்?

20 ஜூன், டூலின் துறை, நியூஃபவுண்ட்லாந்து

ஊருக்கு வந்து ஒரு மாதம். மீனை விட ஓட்டுப் பேச்சுதான் அதிகம். இந்த மாத வாக்கெடுப்பில் முடிவு வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி. லண்டன் அனுப்பிய குழு ஆண்டது போதும், இனி நம் நாட்டை நாமே ஆள்வதா, கனடாவோடு சேர்வதா?

அப்பா மீன் கொட்டகையின் உச்சியில் எங்கள் தீவின் பழைய மூவண்ணக் கொடியை ஆணி அடித்துக் கட்டிவிட்டார். "எழுதிக் குடுக்கறதுக்கு இது என்னடா, ஓட்டைப் படகா? நாடுடா!" என்கிறார். ஊரே அவர் பக்கம். பூசையில் பாதிரியாரும் அதையேதான் பேசினார்.

பிரைட் அக்கா மட்டும் கடை வாசலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அவர் கணவர் இரண்டு வருஷத்துக்கு முன் கடலோடு போனவர். நான்கு சின்னப் பிள்ளைகள். ஊரார் வலைகளைத் தைத்துக் கொடுத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. "கனடாவுல பிள்ளைங்களுக்கு மாசாமாசம் உதவி உண்டாமே, நெசந்தானா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவரை முறைத்தார்கள்.

22 ஜூலை

பள்ளிக்கூடத்தில் ஓட்டு. பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பா எனக்கு முன்னால் போய்விட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

நானும் போட்டேன்.

1 ஆகஸ்ட்

தீவு முழுவதும் எண்ணி முடித்துவிட்டார்கள். கனடா ஜெயித்தது. நாடு இல்லை.

எங்கள் துறையின் கணக்கும் வந்துவிட்டது. மொத்தம் எண்பத்தேழு ஓட்டு. எண்பத்தாறு நம் நாட்டுக்கு. ஒன்று கனடாவுக்கு.

"எவன்டா அந்த ஒருத்தன்?" என்று அப்பா மேசையைக் குத்தினார். இருட்டுவதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது, பிரைட்தான் என்று. பிள்ளைகளுக்காக நாட்டை விற்றுவிட்டாளாம்.

அவர் இல்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்த ஒன்று நான். ஐயோ, எழுதிவிட்டேனே. கையில் பென்சில் இருந்தது, கண்ணில் அந்தப் பட்டம்தான் நின்றது. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஏழாயிரம் ஓட்டு வித்தியாசம், என்னுடையது இல்லாவிட்டாலும் இதேதான் நடந்திருக்கும். காலையிலிருந்து இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4 செப்டம்பர்

யாரும் பிரைட் அக்காவிடம் வலை கொடுப்பதில்லை. கிழிந்த வலையை ஆண்களே உட்கார்ந்து தைக்கிறார்கள், கோணல்மாணலாக. அப்பாவும்தான்.

கிணற்றுப் பாதையில் பிரைட் அக்கா எதிரே வந்தார். நின்றார்.

"நான் உங்க பக்கம்தான் போட்டேன் அம்ப்ரோஸ். என் புருஷன் பேரு வெட்டின கல்லு இந்த மண்ணுலதான் நிக்குது. நான் போயி மாத்திப் போடுவேனா? யாரும் நம்பல. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்க்கா," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "உன்னப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்கப்பா," என்றார்.

சீ. நானும் ஒரு மனுஷனா?

14 நவம்பர், ஹாலிஃபாக்ஸ்

திரும்பி வந்தாயிற்று. மணல் மூட்டையைக் கை வலிக்கக் குத்தினேன். "யார் மேலடா கோவம்?" என்று கேட்டார் மர்டோக். மறுபடி குத்தினேன்.

1 ஏப்ரல் 1949

நேற்றோடு எங்கள் நாடு போயிற்று. இன்று காலை நான் கனடாக்காரனாக எழுந்து கஞ்சி குடித்தேன். மர்டோக் கைகுலுக்கி, "இனிமே நீ நம்ம ஆளு," என்று பட்டப் போட்டிக்கான விண்ணப்பத்தை நீட்டினார். கையெழுத்து ஒழுங்காகவே விழுந்தது.

9 ஏப்ரல்

தங்கை ஃபிலோமினா எழுதியிருக்கிறாள். துறையில் எல்லா வீட்டுக் கதவிலும் கறுப்புத் துணி கட்டினார்களாம், சாவு விழுந்த வீடு மாதிரி. பிரைட் அக்காவும் கட்டினாராம். யாரோ பிய்த்தெறிந்துவிட்டார்கள்.

5 மே, டொராண்டோ

எடை பார்க்கும் இடத்தில் கான் ஹர்லியை முதன்முறை நேரில் பார்த்தேன். மூக்கு எத்தனை முறை உடைந்ததோ, வளைந்து கிடக்கிறது. நான் பேசியதைக் கேட்டு வியந்துபோனான்.

"அடப்பாவி, எங்க மாமா பேசுற மாதிரியே பேசுறியே! எந்த ஊரு தம்பி உனக்கு?"

சொன்னேன். அவன் அயர்லாந்து சென்ற மாதம்தான் முழுக் குடியரசு ஆயிற்று, ஈஸ்டர் மறுநாளில்.

"என் நாடு வந்துச்சு. உன் நாடு போச்சு. ரெண்டு பேரும் கனடா பட்டத்துக்கு மூஞ்சியப் பேத்துக்கப் போறோம்," என்று சிரித்தான். "ஊர்ல எங்க அண்ணன் எனக்குக் கடுதாசி போடுறதில்ல தெரியுமா? கனடாக்காரன்கிட்ட என்ன பேச்சுன்னு சொல்லிட்டானாம்."

அவனை வெறுக்க எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை.

7 மே

ஜெயித்துவிட்டேன்.

நேற்று மேடையில், "கனடாவின் அம்ப்ரோஸ் டோபின்!" என்று கூவினார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். மர்டோக் முதுகில் இடித்தார். மாடியில் இருந்த ஐரிஷ் கூட்டம் முழுக்க கானுக்குக் கத்தியது. எனக்கென்று கத்த ஒரு கூட்டம் இல்லை. பத்தாவது சுற்றில் கானின் புருவம் கிழிந்தது. பதினான்கில் என்னை அடித்துக் கீழே வீழ்த்தினான். எட்டு எண்ணும்போது எழுந்தேன். முடிவில் இரண்டு நடுவர் எனக்கு, ஒருவர் அவனுக்கு.

பட்டத்துக்கான பெல்ட்டை இடுப்பில் கட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

20 மே, ஹாலிஃபாக்ஸ்

ஃபிலோமினாவின் கடிதம். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"கடைக்காரர் வீட்டு ரேடியோவுல ஊரே கேட்டுச்சு அண்ணா. நீ ஜெயிச்சதும் ஒவ்வொரு கொட்டகையிலேருந்தும் துப்பாக்கி வெடிச்சாங்க, கல்யாணத்துக்கு வெடிக்கிற மாதிரி. கோயில் மணி அடிச்சாங்க. பெல்ட்டுல என்ன எழுதியிருந்தா என்ன, அவன் நம்ம பையன்னு அப்பா அழுதாரு. நம்ம அப்பா அழுது நீ பாத்திருக்கியா? பிரைட் அக்காவும் கேக்கலாம்னு வாசல் வரைக்கும் வந்தாங்க. உன் கனடாதானே ஜெயிச்சிருக்கு, அங்க போய்க் கேளுன்னு சொல்லி மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டாங்க. சாத்தினது அப்பாதான்."

கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

22 மே

நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதில் சாக்குப்போக்கு இல்லாமல் ஃபிலோமினாவுக்கு எழுதினேன். அந்த ஒரு ஓட்டு என்னுடையது. பட்டத்துக்காகப் போட்டேன். பிரைட் அக்கா உங்களோடுதான் நின்றார், நான்தான் நிற்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியில் வைத்து இதை எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும். முதலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டு, ஃபிலோ.

"உனக்குப் பைத்தியமாடா?" என்றார் மர்டோக். "யாருக்கும் தெரியப் போறதில்ல. ஊரே உன்னத் தலையில வெச்சு ஆடுது."

"அதான்," என்றேன். தபால் பெட்டி வரை கூடவே வந்தார்.

14 ஜூன்

பதில் வந்துவிட்டது. ஃபிலோமினாவின் கையெழுத்து, அப்பாவுக்கு எழுதத் தெரியாது.

அவள் வாசித்ததும் அப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் பாதிரியார் வாசிக்க, அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறார், முடியும் வரை. பிறகு கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பிரைட் அக்கா வீட்டுக்குப் போய், கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றாராம். இப்போது வலைகள் அங்கேதான் போகின்றன.

"உனக்கு என்ன எழுதட்டும்னு அப்பாகிட்ட கேட்டேன்," என்று முடித்திருக்கிறாள். "இந்த வருஷம் வலை இழுக்க ஆள் வெச்சாச்சுன்னு எழுது, பிரைடோட தம்பி கஸ் வர்றான்னாரு. வேற என்ன எழுதணும்னு கேட்டேன். அவ்ளோதான்னு சொல்லிட்டாரு."

ஊருக்குப் போகவென்று கட்டிவைத்த மூட்டையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். துறைமுகத்தில் கோடைக்கு ஆள் எடுக்கிறார்களாம், நாளை போய்க் கேட்க வேண்டும். ஹாலிஃபாக்ஸில் நான் பார்க்கும் முதல் ஜூன் மாதம் இது. இங்கே இவ்வளவு வெயில் அடிக்கும் என்று எனக்குத் தெரியாது.