மாடி எண்ணிக்கை: எல்லாவற்றுக்கும் ஒன்று

மார்ச் 3, செவ்வாய். காலை 10.40. கூரைகள்: 4,316.

கடைசிப் பறப்பு முடிந்தது. ட்ரோனைப் பெட்டியில் வைத்து மூடினேன். காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்கவில்லை. பதினொரு நாளில் ஊரையே அளந்தாயிற்று. நகராட்சி வருவாய்ப் பிரிவில் நாற்பது வருடமாக எவனும் தொடாத வேலை. இனி சொத்து வரி கூரைப் பரப்புக்கு. சதுர அடிக்கு ஒரே விகிதம். எவனுக்கும் சலுகை இல்லை, எவன் மச்சானுக்கும் தள்ளுபடி இல்லை.

பில் கலெக்டர் அக்கா என் திரையை எட்டிப் பார்த்தார். பதினாறு வருடமாகத் தெருத் தெருவாக நடந்து வசூல் செய்கிறவர்.

"ஏன் தம்பி, மேல இருந்து பாத்தா மாடி தெரியுமா?"

"அதுக்குத் தனிக் கட்டம் இருக்குக்கா."

இருக்கிறது. கூரைப் பரப்பை அந்த எண்ணால்தான் பெருக்க வேண்டும். ஆனால் அதை நிரப்ப ஆள் அனுப்பி எண்ண வேண்டும். மூன்று மாதம் ஆகும். போகிறவன் ஒவ்வொரு வாசலிலும் கவர் வாங்குவான். கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் கணக்கே போடாது. அதனால் மேல் கட்டத்தில் 1 என்று அடித்து, கடைசி வரிசை வரை இழுத்துவிட்டேன். 4,316 கட்டடத்துக்கும் ஒரே மாடி. இப்போதைக்கு. பிறகு திருத்திக்கொள்ளலாம்.

மார்ச் 9, திங்கள்.

நோட்டீஸ்கள் போயின. ஆணையர் தோளில் தட்டினார். மாடிக் கட்டத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை. நான் அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். மாமாவுக்குப் பின்தெருவில் மரவாடி. நோட்டீஸை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாப்ள, ஆறு மடங்கு போட்டிருக்கு. எனக்குத்தான் கண்ணு சரியில்லையா, நீயே படி."

"உங்க தகரக் கூரை பெருசு மாமா."

"மரம் நனையக்கூடாதுன்னு போட்ட தகரம்டா அது. அதுக்குக் கீழ நானும் நாலு பல்லியும்தான் இருக்கோம்."

"பரப்புன்னா பரப்பு. ஆளுக்கு ஒரு விதின்னா அதுக்குப் பேரு நியாயம் இல்ல, சிபாரிசு."

"அப்ப பல்லிக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிடு."

அக்கா கரண்டியைத் தட்டினாள். "ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் தின்னுங்க. இல்ல தட்ட எடுத்துருவேன்."

எடுத்துவிட்டாள். என்னுடையதை மட்டும்.

மார்ச் 12, வியாழன்.

அலுவலக ஜன்னலில் முதல் கல். கண்ணாடிச் சில்லு கீபோர்டுக்குள். தலைகீழாகத் தட்டி எடுத்தேன். வேலை செய்கிறது.

மார்ச் 14, சனி.

கடைத்தெரு ஜவுளிக்கடை முதலாளி ஆள் மூலம் ஒரு சட்டை அனுப்பியிருந்தார். 'நேர்மையான அதிகாரிக்கு' என்று சீட்டு வேறு. ஐந்து மாடிக் கடை. வரி பாதியாகக் குறைந்திருக்கிறது அவருக்கு. திரையில் இரண்டு கூரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாமாவுடையதுதான் பெரிது.

1-ஐ 5 ஆக்க ஒரு வினாடி. ஆனால் அவருக்கு மட்டும் ஏன் என்பார்கள். எண்ணினால் எல்லாவற்றையும் எண்ண வேண்டும், ஒன்றை மட்டும் திருத்துவது இன்னொரு அநியாயம். வாதம் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் கோப்பை மூடிவிட்டு மறுபடி திறக்கிறேன்?

சட்டையைத் திருப்பி அனுப்பினேன். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அளவு கச்சிதம்.

மார்ச் 16, திங்கள்.

இடது கையால் எழுதுகிறேன். வலது கை விரல்கள் மடங்கவில்லை.

மாலை நான்கு மணிக்குக் குறைகேட்புக் கூட்டம். நகராட்சி மண்டபத்தில் இருநூறு நாற்காலி, நானூறு பேர். எப்படி அளந்தோம் என்று காட்ட லேசர் கருவியும் அதன் முக்காலியும் மேடைக்குக் கொண்டுபோயிருந்தேன்.

முதலில் ஜவுளிக்கடை முதலாளி மைக்கைப் பிடித்தார். "பணக்காரன் ஏழைன்னு மூஞ்சியப் பாக்காததுதான் சட்டம். ஒரு அடின்னா எல்லாருக்கும் ஒரு அடி. இந்தத் தம்பிக்கு ஒரு தடவ கை தட்டுங்க!"

நான் மாமாவிடம் சொன்ன அதே பேச்சு. அவர் வாயிலிருந்து வந்தபோது நாறியது.

வெல்டிங்காரர் எழுந்தார். மாமாவின் கூட்டாளி, மரவாடிக்கு அடுத்த கொட்டகை. "அடிய விடுங்க மொதலாளி. உங்க கடையில லிஃப்ட் இருக்கே, அது எங்க போகுது? மேல ஒண்ணும் இல்லாமலா போயிட்டு போயிட்டு வருது?"

மண்டபம் சிரித்தது.

தையல்கார அம்மா ஒருவர்: "வருமானத்தப் பாத்துப் போடுங்க சார். எனக்கு ஒரு மெஷினு, அதுக்கு மேல ஒரு பந்தல். பந்தலுக்கு வரி கேக்குறீங்க."

"வருமானம் எவ்வளவுன்னு நீ உண்மையச் சொல்லுவியா? கணக்கு நோட்டு இருக்கா உன்கிட்ட?" என்றான் ஜவுளிக்கடைக் கணக்கன்.

"அந்த அம்மாகிட்ட இல்ல. உங்ககிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ணு குடுங்களேன்," என்றார் வெல்டிங்காரர். மறுபடி சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். "சார், இவரு கடைக்கு எத்தன மாடின்னு போட்டிருக்கீங்க? ஒரு நம்பர் சொல்லுங்க, போதும்."

ஒரு நம்பர். ஒன்று. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அது டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குப் புரியாது," என்றேன்.

முதல் நாற்காலி எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. அது பில் கலெக்டர் அக்காவின் நெற்றியில் விழுந்தது. அவர் மடியிலிருந்த மனுக்கள்மேல் ரத்தம் கொட்டியது. அதன் பிறகு மண்டபமே எழுந்தது. ஜவுளிக்கடை ஆட்கள் பின்கதவைச் சாத்திவிட்டுத் துணி மாட்டும் இரும்புக் குழாய்களை வெளியே எடுத்தார்கள். குழாய்களை முன்னாலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள் — இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. ஒருவன் கீழே கிடந்தவன் வாயில் மிதித்தான். பல் தெறித்து என் செருப்பில் பட்டது. தையல்கார அம்மாவை முடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் சுவரோடு நசுங்கினேன். பின்னாலிருந்து ஒரு கை என் காலரைப் பிடித்து இழுத்தது. முக்காலியை இரண்டு கையாலும் தூக்கிச் சுழற்றித் திரும்பினேன்.

பச்சை மரம் பிளக்கிற சத்தம்.

மாமா. என்னை வெளியே இழுத்துப்போக வந்திருக்கிறார். வலது முழங்கைக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

மார்ச் 17, செவ்வாய்.

ஆஸ்பத்திரி. இன்ஸ்பெக்டர் வந்து எழுதிக்கொண்டார். "யாரு அடிச்சான்னு தெரியல சார். கூட்டம்," என்றார் மாமா. இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். நான் சொட்டுச் சொட்டாக இறங்கும் சலைனைப் பார்த்துக்கொண்டு, "பாக்கல" என்றேன்.

மாலை தெரிந்தது. வெல்டிங்காரரைப் பிடித்திருக்கிறார்கள். மாமாவை அடித்தது அவர்தானாம். ஜவுளிக்கடை ஆட்கள் மூன்று பேர் சாட்சி.

மார்ச் 18, புதன்.

பில் கலெக்டர் அக்காவுக்கு ஏழு தையல். அதோடு அலுவலகம் வந்து, என் கோப்பைத் திறந்து, மாடிக் கட்டத்தை மேலிருந்து கீழே வரை உருட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு... என்ன தம்பி, வீட்டுக்கு ஒண்ணுன்னு போட இது என்ன கோயில் வரியா? சொல்லியிருந்தா நாலு திட்டு வாங்கியிருப்ப. ஒண்ணுன்னு அடிச்சது நீ. தையல் எனக்கு." சிரித்தார். தையல் இழுத்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்.

மார்ச் 19, வியாழன்.

பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு வெல்டிங் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். கேஸ் சிலிண்டர் வெடித்தது. மரவாடிக் கூரை எழும்பித் தெருவில் வந்து விழுந்தது. ஒரு தகரம் நாயை இரண்டாக வெட்டியிருந்தது. மரம் மூன்று மணி நேரம் எரிந்தது.

அக்கா சாம்பலில் நின்றாள். அழவில்லை.

"இப்பக் கூரை இல்லடா. வரி கிடையாதுதானே?"

மார்ச் 20, வெள்ளி.

வெல்டிங்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்டேஷனில் அவரைக் குப்புறப் போட்டு உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். நிற்க முடியவில்லையாம். ஒப்புக்கொள் என்கிறார்களாம். "அவரு அடிக்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே," என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் போனதும் மாமா அக்காவை டீ வாங்க அனுப்பினார்.

"மாப்ள. அந்த ஸ்டாண்டு நல்ல கனம்."

நான் சலைன் குழாயைச் சரிசெய்தேன்.

"நான் வாயத் தொறந்தா உங்கக்கா இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டா. தொறக்கலன்னா அவன் உள்ளயே செத்துருவான். எனக்கு இருக்கிறது ஒரு கைடா. நான் எத்தன பேரத் தூக்குவேன்?"

நியாயம் என்றால் என்ன என்று ஒரு வாரமாக எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தேன். யாரால் தாங்க முடியும் என்று ஒருதரமாவது கேட்டேனா? என் பாரத்தைத் தாங்க முடியாதவர் முதுகில் ஏற்றிவிட்டு, மூன்று நாளாகச் சலைனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா டீயோடு வந்தாள். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தாள். குடித்தேன். 

மார்ச் 21, சனி. காலை 7.15.

இன்று செய்ய வேண்டியது:

1. ஆணையருக்குக் கடிதம். மாடி எண்ணிக்கை அளந்தது இல்லை, நான் அடித்தது. 4,316 நோட்டீஸும் செல்லாது. வேலை போகும், போகட்டும். நகல் ஒன்று பில் கலெக்டர் அக்காவிடம். அவர் தொலைக்க மாட்டார்.

2. ஒன்பது மணிக்கு ஸ்டேஷன். அடித்தது நான் என்று எழுதிக் கொடுப்பது. முக்காலியையும் எடுத்துப்போவது. ஒரு காலில் ரத்தம் காய்ந்திருக்கிறது, துடைக்கவில்லை. பின்கதவு, இரும்புக் குழாய், எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவது.

3. வெல்டிங்காரரை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது. அவர் வெளியே வரும்போது அவர் கண்ணில் படும்படி நிற்பது. அடித்தால் வாங்கிக்கொள்வது.

4. என்னை எப்போது வெளியே விடுகிறார்களோ அப்போது, பில் கலெக்டர் அக்காவோடு நடந்து மாடி எண்ணுவது. ஒவ்வொரு மாடியும் ஏறி.

5. அக்காவிடம் சொல்வது. கீழே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. மற்ற நான்கும் இதற்குப் பிறகு.