அக்கா காத்து வைத்த முள்செடி

சனிக்கிழமை தவறாமல் என்னைக் கூப்பிட்ட என் சரசு அக்காவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உங்கள் கோயில் உழவாரக் குழுவின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உனக்கு எழுதத்தான் வருகிறது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

கோயமுத்தூர் கணபதியில் அதே வீடு, அதே மாடி. கீழே குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். எனக்குக் கீழே வேலை பார்த்தவனைத் துறைத்தலைவராக்கிய கல்லூரியை விட்டு நான் வெளியே வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அவன் இன்னும் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் அனுப்புகிறான். நான் பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும், பதில் வராது என்பதும் தெரிய வேண்டும். அதற்காகவே திறந்து பார்க்கிறேன். நீ இருந்தால், "இன்னுமா அதையே புடிச்சுட்டு இருக்கறே கண்ணு" என்பாய். ஆமாம், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

உன் மேல் இருந்த கோபத்தையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மலரைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தாறு வயதில் எனக்கு ரெஜினா என்று ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. என்னோடு வேலை பார்த்தவள், கத்தோலிக்கப் பெண். நம் வீட்டில் நான் அதைச் சொன்னது உன்னிடம் மட்டும்தான். நீ அப்பாவிடம் சொன்னாய். அப்பா அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒரே மாதத்தில் அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நீ அவளை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, அக்கா. பார்க்காமலே எப்படி முடிவு செய்தாய்?

இதை நான் உன்னிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. நீயும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன், எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கல்யாணம், காது குத்து, சாவு என்று வந்தால் உன் பக்கத்தில் உட்காராமல் சாப்பிட்டேன். அவ்வளவுதான் என் போராட்டம்.

பிறகு நீ உழவாரப்பணிக்குப் போகத் தொடங்கினாய். பழைய சிவன் கோயில்களுக்குப் போய்ப் புல் செதுக்குவது, மதிலில் முளைத்த செடியை எடுப்பது, புதன்கிழமை மாலையில் பதிகம் படிப்பது. "வயசான காலத்துல புல்லுப் புடுங்கப் போறாளாம்" என்று மாமாவிடமே சொல்லிச் சிரித்தேன். நீ அதைக் கேட்டாயா என்று தெரியாது. ஆனால் அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை சாயந்திரம் போன் வந்தது.

"நாளைக்கு வேன்ல ஒரு சீட்டு இருக்குது கண்ணு. வாரியா?"

"வேலை இருக்குது."

"செரி. சாப்புட்டியா?"

"ம்."

ஆறு வருடம் இதே நான்கு வரி. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையும் இருந்ததில்லை. கடைசி இரண்டு வருடத்தில் ஒரு வரி கூடியது. "ஒரு செடி இருக்குது. நீ வந்து பாத்துத்தான் சொல்லோணும்." நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அக்காமார்கள் தம்பியை வரவழைக்கச் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன்.

உன் காரியம் முடிந்த பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை, போன் மேசை மேல் இருந்தது. ஆறு மணி, ஆறரை, ஏழு. யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று புரிந்தபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது. திங்கட்கிழமை உங்கள் குழுத்தலைவர் பழனிச்சாமி அண்ணனின் எண்ணை மாமாவிடம் வாங்கிக் கூப்பிட்டேன். மோட்டார் காயில் கட்டுகிற தன் கடையின் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார்: "அக்கா சீட்டு அப்படியேதானுங்க சார் இருக்குது. ஒருத்தரும் உக்கார மாட்டீங்கறாங்க. வாங்க, வந்து உக்காருங்க."

பக்தியால் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்கே போனாய் என்று பார்க்கப் போனேன். மாமா உன் உழவாரத்தை எடுத்துக் கொடுத்தார். நீளப் பிடி, நுனியில் தட்டையான இரும்பு. பிடியில் உன் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தாய். என் கைக்கு அது சின்னதாக இருந்தது.

முதல் சில வாரம் முதுகு வலியைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை வகுப்பில் ஓதுவார் ஐயா என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். "குரல் இருக்கட்டுங்க, சொல்லு சுத்தமா இருக்குது" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பல வருடத்துக்குப் பிறகு ஒரு வகுப்பில் பெஞ்சின் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அது பிடித்திருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் நீ சொன்ன செடி இருந்த கோயிலுக்குப் போனோம். காங்கேயத்துக்கு இப்பாலே, நொய்யல் கரையில், உன்னுடைய கோயில். மேற்கு மதிலோரம் கோயிலின் தல மரமாக இருந்து பட்டுப்போன பழைய வன்னியின் அடிக்கட்டை, நான்கடி தள்ளி முழங்கால் உயரத்தில் ஒரு முள்செடி. சுற்றிலும் நீ வைத்த செங்கல் வட்டம். எல்லோரும் அங்கே வந்து என்னைப் பார்த்து நின்றார்கள்.

"நாங்க எடுக்கலாம்னு பாத்தமுங்க சார்," என்றார் பழனிச்சாமி அண்ணன். "உங்கக்கா தொடவே விடலீங்க. வன்னியா, சீமைக்கருவேலமான்னு என்ற தம்பி வந்து சொல்லுவான், அவன் காலேஜ்ல செடி கொடியப் பத்திப் பாடம் எடுக்கறவன், அது வரைக்கும் ஒருத்தரும் கை வெக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ரெண்டு வருசமா குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்துனாங்க."

அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் ஒரு முடிவை என்னைக் கேட்காமல் எடுத்தவள், ஒரு செடிக்கு என் தீர்ப்பைக் கேட்கிறாள். அது எனக்கு இனிப்பாக இருந்தது. நீ தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நான் குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். சிறிய இலை, முள், ஒல்லித் தண்டு.

"அக்காவுக்கு என்னங்க தெரியும்? சீமைக்கருவேலம்."

சொன்னதோடு விடவில்லை. உன் உழவாரத்தாலேயே சுற்றித் தோண்டினேன். ஒரு முழம் தோண்டியும் வேர் முடியவில்லை. அதை வெட்டிவிட்டு, செடியைக் குப்பைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் உள்ளங்கையில் முள் ஏறியது. அப்போதுதான் குனிந்து தண்டைப் பார்த்தேன்.

சீமைக்கருவேலத்துக்கு முள் கணுவில் இருக்கும், ஜோடி ஜோடியாக. வன்னிக்குத் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். முதலாமாண்டு மாணவனுக்கு இதைச் சொல்லித்தராமல் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. என் கையில் இருந்த தண்டில் முள் சிதறிக் கிடந்தது, அக்கா.

குப்பையில் போட்டேன். மேலே இரண்டு கூடை புல்லைக் கொட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தபோது, மதிலுக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாராத்தாள் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, கண்ணாடி போட்ட அம்மணி வெச்சுக் காப்பாத்துன வன்னியவா புடுங்கிப்போட்டீங்க? என்ற ஆட்டக்கூட அக்கட்டால ஓட்டிட்டுப் போகச் சொல்லும், மகராசி. நீங்க ஆருங்க?"

தம்பி என்று சொல்ல நா எழவில்லை. "கோயமுத்தூருங்க" என்றேன்.

வேனில் திரும்பும்போது பழனிச்சாமி அண்ணன் எல்லோரிடமும் சொன்னார்: "சார் இருந்ததால ஆச்சு. இல்லைன்னா நாம இன்னும் பத்து வருசம் கருவேலத்துக்குத் தண்ணி ஊத்திட்டிருப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். உன் சீட்டில் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

அடுத்த மூன்று நாளை எப்படிக் கழித்தேன் என்று உனக்குத் தெரியுமா? உனக்கு எதிராக நான் முப்பது வருடமாகப் படித்து வைத்திருந்த குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறதே, பார்க்காமலே முடிவு செய்தாய் என்று. அதை எடுத்துப் படிக்க முயன்றேன். பார்க்காமலே என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை.

புதன்கிழமை வகுப்பில் ஓதுவார் ஐயா எடுத்த பதிகம், தன் பிழையைத் தானே சொல்லிக்கொள்கிற பதிகம். நான்காவது பாட்டு என் முறை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அது வன்னிதானுங்க" என்றேன். யாருக்கும் புரியவில்லை. முழுவதும் சொன்னேன். எங்கே தோண்டினேன், எப்போது தெரிந்தது, எப்படிப் புல்லைக் கொட்டி மூடினேன், எல்லாம்.

முந்தானையை வாயில் வைத்த அந்த அம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சரசக்கா நெம்பப் பாடுபட்டுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்று வரைக்கும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேச வேண்டியதில்லை. அந்த வித்தை எனக்கும் தெரியும்.

பழனிச்சாமி அண்ணன்தான் கேட்டார். "எத்தனை ஆழம் தோண்டுனீங்க சார்?"

"ஒரு முழம்."

"வேரு முடிஞ்சுதுங்களா?"

"இல்லைங்க. வெட்டிட்டேன்."

"அட, கெணத்துக்குள்ள மோட்டார் எறக்கறவன் நான். முப்பதடியில வன்னி வேரப் பாத்திருக்கறேன். உங்க ஒரு முழம் அதுக்கு முடி வெட்டுன மாதிரி. போயித் தண்ணி ஊத்துங்க சார். வந்தா வருது."

அப்படித்தான் போகத் தொடங்கினேன். குழு போகாத வாரத்திலும் சிங்காநல்லூரில் பஸ் ஏறி இரண்டு பஸ் மாறிப் போவேன். கோயில் குழாயிலிருந்து மேற்கு மதிலுக்கு நூற்றெண்பது காலடி. நீ எப்படி இடுப்பில் குடத்தோடு நடந்தாய்? உன் முழங்கால் வலியை நீ எனக்குச் சொன்னதே இல்லை. நானும் "சாப்புட்டியா" என்று திருப்பிக் கேட்டதில்லை.

சித்திரையில் குழி பிளந்து கிடந்தது. ஊற்றிய தண்ணீரை மண் குடிக்கிற சத்தம் கேட்கும். குந்தி உட்கார்ந்து அதைக் கேட்பேன். மாராத்தாளின் ஆடுகள் மதிலுக்கு வெளியே மணியடித்துக்கொண்டு போகும், அரசிலை சலசலக்கும், கோபுரத்தில் கிளிகள் சண்டை போடும். ஆள் இல்லை என்று தெரிந்தால் நான்காவது பாட்டைப் பாடுவேன். உள்ளே இருக்கிறவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். ஆனால் ஒரு நாள் பஸ்ஸுக்கு எழுந்தபோது மணி பார்த்தேன், இரண்டு மணி நேரம் போயிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் கல்லூரியோ, ரோஜாப்பூக்காரனோ, ரெஜினாவோ, அப்பாவோ ஒருவரும் வரவில்லை. ஈர மண்ணும் நானும் மட்டும். அங்கே தனியாக இருந்தேன், ஆனால் என் மாடியில் இருப்பது மாதிரியான தனிமை அல்ல. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். ஆறு வருடம் அதைத்தான் போனில் சொல்லிப் பார்த்தாயா?

ஆடி பிறந்து இரண்டு தூறல் விழுந்தது. போன ஞாயிற்றுக்கிழமை குழியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துளிர் இருந்தது. வயிறு மண்ணில் படப் படுத்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட வேரிலிருந்து வருகிறதா, ஆட்டுப் புழுக்கையில் வந்து விழுந்த சீமைக்கருவேல விதையா, சொல்ல முடியவில்லை. முள் இன்னும் விடவில்லை. விட்டால்தான் தெரியும்.

மாராத்தாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னங்க சாமி, உளுந்துட்டீங்களா?"

"இல்லைங்கம்மா. வன்னியா கருவேலமான்னு பாக்கறேன்."

"காலேஜ் வாத்தியாரு தம்பி ஒருத்தர் இருக்காராமா. அவரு வந்தாத் தெரியும்னு கண்ணாடி அம்மணி சொல்லும்."

"நான்தானுங்க அது."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். சட்டையெல்லாம் சேறு. "அப்பச் சொல்லுங்க."

"தெரியலீங்க" என்றேன். ஒரு செடியைப் பார்த்து இந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா, ரெஜினா விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. மலரில் அச்சாகிவிட்டது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. நான் செய்ததும் நீ செய்ததும் சமம் என்றும் சொல்லமாட்டேன். செடிக்கு வேர் இருந்தது, எனக்கும் அவளுக்கும் அது இருந்ததா என்று பார்க்க யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் முள் விடுகிற வரைக்கும் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அந்தத் துளிருக்கும் சரி, உனக்கும் சரி. அதுவரை குடம் என் கையில்தான் இருக்கும். சீமைக்கருவேலம் என்று தெரிந்தால் எடுத்துவிட்டு, அதே குழிக்குத் திரும்பவும் ஊற்றுவேன். உன் செங்கல் வட்டத்தை அப்படியே திரும்ப வைத்திருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. இப்போதெல்லாம் பழனிச்சாமி அண்ணன்தான் ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறார். அவர் போன் வருவதற்குள் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அவசரமாக எழுதி முடிக்கிறேன். ஆறு வருடமாக நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

சாப்பிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. நாளைக்கு வாரேன் அக்கா.

உன் சீட்டில் உட்கார்ந்து வருகிற
உன் தம்பி,
சண்முகசுந்தரம்