கதவோர நோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

போன வாரம் ஆபீஸ் மாடிப்படியில் கால் இடறி, மணிக்கட்டில் சின்னச் சுளுக்கு. இப்போது சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டு போன் எண் கேட்டார்கள். பழக்கதோஷம், அப்பாவின் பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டேன். நர்ஸ் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா வெளிய போயிருக்காராம். வந்ததும் சொல்றேன்னு அம்மா சொன்னாங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கமாட்டேன். எண்ணைக் கொடுத்தவள் நான்தானே.

அன்றிலிருந்து கதவோரம் தொங்கும் நோட்டு ஞாபகம்தான். முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் யார் வெளியே போனாலும் பதிவேட்டில் எழுதவைத்தவர், ரிட்டையர் ஆனதும் வீட்டிலும் அதைத் தொடங்கினார். மளிகைக்கடைக்குப் போனாலும் போகும் நேரம், திரும்பும் நேரம் எழுத வேண்டும். "இவர் ஆபீஸை விட்டாலும் ஆபீஸ் இவரை விடலை" என்று முணுமுணுத்துக்கொண்டே நீயும் எழுதுவாய். நான் இங்கே கிளம்பி வந்த அன்று திரும்பும் நாளைக் காலியாக விட்டேன். "தெரிஞ்சதும் சொல்லும்மா, நானே எழுதிக்கறேன்" என்றார். அவர் விதியைத் தளர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

லீவு கிடைத்துவிட்டது. என் வரியில் மார்ச் பத்து என்று எழுதிவை. அவருடைய பழைய ஸ்வெட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதே, இங்கே குளிர் தாங்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். அப்பாவின் கடைசி வரியில் மட்டும் திரும்பும் நேரம் எதுவும் எழுதாதே. வெளியேதான் போயிருக்கிறார்.

உன் மகள்